வாளையாருக்கு இருபுறமும்: தமிழ்நாடு – கேரளக் கால்பந்துப் போட்டியின் வரலாறு

கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் இதைப் போட்டி என்று சொல்லவே தயக்கம் வரும். மாநில அணிகளுக்கான தேசியக் கால்பந்துப் பட்டமான சந்தோஷ் கோப்பையைக் கேரளம் 7 முறை வென்றிருக்கிறது. தமிழ்நாடு ஒரு முறைகூட வென்றதில்லை. இரண்டு முறை இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றுத் திரும்பியிருக்கிறது. அவிநாசியில் கொச்சி நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் மாநில எல்லையான வாளையார் வந்துவிடும். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் இரண்டு மண்ணுக்கு நடுவே, ஒரே ஆட்டத்தில், இத்தனை பெரிய இடைவெளி எப்படி விழுந்தது?

‘அவர்களுக்குக் கால்பந்து ரத்தத்தில் ஊறியது, நமக்குக் கிரிக்கெட்’ என்று டீக்கடையில் தொடங்கி விளையாட்டுப் பக்கம் வரை எல்லோரும் சொல்கிறார்கள். இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் இரண்டு மாநிலங்களும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றன. அதற்குப் பிறகு, கல்லூரி மைதானத்திலிருந்து மாநில அணிக்கும் அங்கிருந்து ஒரு வேலைக்கும் போகிற வழி கேரளத்தில் அகலமானது. தமிழ்நாட்டில் அது குறுகிக்கொண்டே வந்தது. இடைவெளி விழுந்த இடம் அதுதான் என்பது என் முடிவு. அதைச் சரிசெய்யும் வேலையைக் கொங்கு நாட்டுக் கல்லூரிகள் தொடங்கிவைக்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே மாகாணம், ஒரே பல்கலைக்கழகம்

1956 நவம்பர் 1 வரைக்கும் பாலக்காடும் கோழிக்கோடும் மலப்புறமும் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்து ஊர்கள். அவிநாசி அன்றைக்குக் கோயம்புத்தூர் மாவட்டம். அதாவது மலபார் நமக்கு அடுத்த மாவட்டம். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் படித்தவரும் கோவை அரசுக் கல்லூரியில் படித்தவரும் ஒரே சென்னைப் பல்கலைக்கழகத்தின் தேர்வைத்தான் எழுதினார்கள். சென்னையிலிருந்து பேப்பூர் வரை ரயில் பாதை 1862லேயே முழுமையடைந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பருத்தியும் தேங்காயும் போய்வந்தது போலவே ஆட்டமும் ஆட்டக்காரர்களும் போய்வந்தார்கள்.

மலபாரில் கால்பந்து பரவியதற்கு ராணுவ முகாம்களும், 1921ல் மலப்புறத்தில் அமைந்த மலபார் சிறப்புக் காவல் படையும் பெரிய காரணம். பட்டாளத்தார் ஆடியதைப் பார்த்து ஊர்ப் பிள்ளைகள் ஆடினார்கள். அறுவடை முடிந்த வயல்கள் மைதானங்களாயின. கோழிக்கோட்டில் 1952ல் தொடங்கிய சேட் நாக்ஜி போட்டி நாடு முழுவதிலிருந்தும் அணிகளை வரவழைத்தது.

மொழிவழி மாநிலங்கள் பிரிந்த அந்த நவம்பர் 1 அன்று ஒரு கைமாற்று நடந்தது. மலபார் கேரளத்துக்குப் போனது. திருவிதாங்கூரிலிருந்த தோவாளை, அகத்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் நம்மிடம் வந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. கால்பந்து பற்றிப் பேசும்போது பலரும் மறந்துவிடுவது இதைத்தான். விளவங்கோட்டுக் கடற்கரையில், நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை வரிசையாக இருக்கும் மீனவ ஊர்களில், கால்பந்து இன்றைக்கும் முதல் ஆட்டம். தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை என்று எந்த ஊரைக் கேட்டாலும் தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய ஒருவரையாவது காட்டுவார்கள். இந்திய அணிக்கு ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். ஆழ்கடலுக்குப் போய் வாரக்கணக்கில் மீன் பிடித்துத் திரும்பும் குடும்பங்களின் பிள்ளைகள் இவர்கள். காலணி கட்டாத காலோடு மணலில் ஆடிப் பழகியவர்கள். ‘தமிழனுக்குக் கால்பந்து வராது’ என்று சொல்பவர்கள் ஒரு மாலை நேரம் அந்தக் கடற்கரைக்குப் போய் நின்றால் போதும்.

1971, 1973: கல்லூரியிலிருந்து கோப்பைக்கு

1972–73 பருவத்தில் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் கோவாவில் நடந்தது. வங்காளத்தை எதிர்த்து இறங்கிய அணி தமிழ்நாடு. 1–4 என்று தோற்றாலும் நாட்டின் இரண்டாவது அணி அந்த ஆண்டு நாம்தான். கேரளம் அதுவரை ஒரு பட்டமும் வென்றிருக்கவில்லை.

அடுத்த பருவத்தில், 1973 டிசம்பர் 27 அன்று, எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் கேரளம் ரயில்வே அணியை 3–2 என வென்று முதல் முறையாகக் கோப்பையைப் பிடித்தது. மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி என்கிற டி.கே. சுப்ரமணியம். முதலமைச்சர் அச்சுத மேனன் மறுநாள் பொது விடுமுறை அறிவித்தார். கேரளத்தின் கால்பந்துக் கதை அந்த நாளிலிருந்துதான் தொடங்குகிறது என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள்.

அந்த வெற்றியில் நம் பக்கத்துக்கு ஒரு பங்கு உண்டு. அணியின் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ் தஞ்சாவூரில் பிறந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்கு ஆடியவர். கேரளம் தன் முதல் கோப்பையை ஒரு தமிழரின் பயிற்சியில் வென்றது.

கல்லூரிகளுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. 1968ல்தான் தொடங்கிய கோழிக்கோடு பல்கலைக்கழகம், மூன்றே ஆண்டில், 1971ல், அகில இந்தியப் பல்கலைக்கழகக் கால்பந்துக்கான ஆசுதோஷ் முகர்ஜி கோப்பையை வென்றது. அந்த அணியின் தலைவரும் கோல்கீப்பருமான விக்டர் மஞ்ஞிலா 1973 கேரள அணியிலும் கோல் காத்தார். பல்கலைக்கழக அணி முதலில் வென்றது. மாநில அணி பின்னால் வென்றது. இறுதி ஆட்டம் நடந்ததும் ஒரு கல்லூரி மைதானம். கேரளம் இந்த வரிசையை அதற்குப் பிறகு விடவே இல்லை. திருச்சூர் கேரள வர்மா, இரிஞ்ஞாலக்குடா கிறைஸ்ட், மம்பாடு எம்.இ.எஸ்., கோழிக்கோடு ஃபாரூக் போன்ற கல்லூரிகளின் பெயர்கள் அங்கே கால்பந்து ரசிகர்களுக்கு வாய்ப்பாடு.

வேலை என்னும் கண்ணி

கல்லூரி முடித்த ஆட்டக்காரன் எங்கே போவான் என்பதுதான் அடுத்த கேள்வி. 1970, 80களில் சென்னையில் அதற்குத் தெளிவான பதில் இருந்தது. இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை என ஒவ்வொன்றுக்கும் அணி இருந்தது. நன்றாக ஆடுகிறவனுக்கு நாற்காலி இருந்தது. அந்த நாற்காலிகளைத் தேடி மலையாள ஆட்டக்காரர்களும் வந்தார்கள். கேரளத்தின் தலைவராக 1992ல் சந்தோஷ் கோப்பையை ஏந்திய வி.பி. சத்யன், இந்தியன் வங்கியில் சேர்ந்து சென்னையிலேயே வாழ்ந்தார். 2006ல் காலமானதும் சென்னையில்தான். தஞ்சாவூர்க்காரர் கேரளத்துக்குப் பயிற்சி தந்ததும் கண்ணூர்க்காரர் சத்யன் சென்னை வங்கிக்கு ஆடியதும் இந்தப் போட்டியின் இயல்பைச் சொல்கின்றன. இதில் பகை என்றைக்கும் இருந்ததில்லை. ஆட்டக்காரர்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்தவர்கள்.

கேரளம் 1984ல் காவல்துறைக்கு ஒரு முழு அணியை உருவாக்கியது. திருச்சூர் மைதானத்தில் சோடா விற்றுக்கொண்டிருந்த ஐ.எம். விஜயன் என்ற சிறுவன் அந்த அணிக்குள் வந்து நாட்டின் மிகச் சிறந்த முன்கள ஆட்டக்காரரானார். சத்யன், விஜயன், சி.வி. பாப்பச்சன், ஷரஃப் அலி, குரிகேஷ் மேத்யூ ஆகியோர் ஆடிய காவல்துறை அணி 1990லும் 1991லும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. மாநில அணியின் முதுகெலும்பும் அவர்களே.

வங்கிகளும் பொதுத்துறை நிறுவனங்களும் விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுப்பதைக் குறைத்தபோது அடி இரண்டு மாநிலங்களுக்கும் விழுந்தது. கேரளத்தில் அந்த வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியது செவன்ஸ். ஆளுக்கு ஏழு பேர், மூங்கிலும் கமுகு மரமும் கட்டிய தற்காலிகக் கேலரி, இரவு விளக்கு, டிக்கெட், சம்பளம். மலப்புறத்திலும் பாலக்காட்டிலும் மழை விட்ட பின் தொடங்கி அடுத்த மழை வரை நடக்கும் ஆட்டம் அது. முரட்டு ஆட்டம், காயம் அதிகம், பதினொருவர் ஆட்டத்தின் ஒழுங்கைக் கெடுக்கிறது என்று பயிற்சியாளர்கள் பலர் குறை சொல்வதில் நியாயம் உண்டு. ஆனாலும் கல்லூரி முடித்த ஒரு பையனுக்கு அடுத்த பருவம் வரை காலில் பந்து தங்குவதற்கும் கையில் காசு தங்குவதற்கும் அது வழி செய்தது. தமிழ்நாட்டில் அப்படி எதுவும் எழவில்லை. நம் பையன் பட்டம் வாங்கியதும் பூட்ஸைப் பரணில் போட்டான்.

கோவை கண்ட கோப்பை

1991ல் சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் பாலக்காட்டில். சொந்த மண்ணில் கேரளம் மகாராஷ்டிரத்திடம் தோற்றது. அடுத்த ஆண்டு இறுதி ஆட்டம் கோயம்புத்தூரில். அங்கே கோவாவை 3–0 என வென்று, 18 ஆண்டுக் காத்திருப்பை முடித்தது கேரளம். கணவாய்க்கு அந்தப் பக்கம் கைவிட்டுப் போன கோப்பை இந்தப் பக்கம் வந்து கிடைத்தது. 1993ல் கொச்சியில் அதைத் தக்கவைத்தும் கொண்டது.

தமிழ்நாடு மீண்டும் இறுதிக்கு வந்தது 2012ல், கட்டாக்கில். முப்படைகளின் அணியான சர்வீசஸிடம் 2–3 என்று தோற்றோம். அடுத்த ஆண்டு கொச்சியில் அதே சர்வீசஸ் அணியிடம் பெனால்டியில் தோற்றது கேரளம். 1973ஐப் போலவே, அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு அண்டை மாநிலங்களும் ஒரே வாசலில் நின்ற தருணம் அது. அதற்குப் பின்னும் கேரளம் 2018ல் கொல்கத்தாவிலும் 2022ல் மஞ்சேரியிலும் வங்காளத்தைப் பெனால்டியில் வென்றது. நாம் அந்த வாசலுக்குத் திரும்பவில்லை.

தகுதிச் சுற்று முறையும் இதில் ஒரு காரணம். தென்மண்டலத்தில் கேரளம், தமிழ்நாடு, கர்நாடகம், ஆந்திரம் முதலிய அணிகள் சிறு பிரிவுகளாக மோதும். மேலே போக இடம் குறைவு. ஒரே பிரிவில் விழுந்தால் ஒரு அண்டை வீட்டார் இன்னொருவரின் கதவை அடைத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2018 தகுதிச் சுற்றில் தமிழ்நாடு கேரளத்தைக் கோலடிக்க விடாமல் சமன் செய்தது. ஆனாலும் முன்னேறியது கேரளம். அந்த ஆண்டுக் கோப்பையும் அவர்களுக்கே. 2019 நவம்பரில் கோழிக்கோட்டில் மோதியபோது கேரளம் 6–0 என வென்றது. இரண்டு ஆண்டுக்குள் சமன் ஆறு கோலாக மாறியது. தயாரிப்பில் தொடர்ச்சி இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கிளப்புகளின் காலம்

2014ல் இந்தியன் சூப்பர் லீக் வந்ததும் இந்தப் போட்டிக்குப் புதிய மேடை கிடைத்தது. முதல் பருவ அரையிறுதியிலேயே கேரளா பிளாஸ்டர்ஸும் சென்னையின் எஃப்.சி.யும் மோதின. கொச்சியில் பிளாஸ்டர்ஸ் 3–0. சென்னையில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் சென்னை அணி மூன்று கோலையும் திருப்பி அடித்தது. கூடுதல் நேரத்தில் 117ஆம் நிமிடம் ஸ்டீஃபன் பியர்சன் அடித்த கோல் கேரளத்தைக் காப்பாற்றியது. அதற்குப் பின் சென்னை 2015லும் 2018லும் பட்டம் வென்றது. பிளாஸ்டர்ஸ் மூன்று முறை இறுதிக்குப் போயும் வெல்லவில்லை. ஆனால் அரங்கு நிறைவதில் கொச்சி முன்னணியில் நின்றது.

கொங்கு நாட்டுக்குச் சொந்தமான ஒரு மாலையும் இந்த வரலாற்றில் உண்டு: 2019 மார்ச் 9. தேசியக் கிளப் போட்டியான ஐ-லீக்கின் கடைசி நாள். கோவை நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபோடு ஆடியது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலம் கேரளா ஈஸ்ட் பெங்காலோடு ஆடியது. ஈஸ்ட் பெங்கால் ஒரே ஒரு புள்ளி பின்னால். கோவையில் பஞ்சாப் முதல் கோல் அடித்தபோது அரங்கு அடங்கிப்போனது. கோழிக்கோட்டில் கோகுலம் முன்னிலை என்ற செய்தி வந்தபோது உயிர் வந்தது. பிறகு அங்கே ஈஸ்ட் பெங்கால் திருப்பி அடித்து 2–1 என வென்றது. இங்கே பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்ய, தற்காப்பு ஆட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 3–1. சென்னை சிட்டி தேசிய சாம்பியன். தமிழ்நாட்டுப் பையன்கள் பலர் ஆடிய அணி அது.

இரண்டே ஆண்டில் அந்த அணி ஐ-லீக்கிலிருந்தே காணாமற்போனது. கோகுலம் கேரளாவோ 2021லும் 2022லும் தொடர்ந்து ஐ-லீக் பட்டம் வென்றது. ஒரு கோப்பை வெல்வதற்கும் ஒரு வழக்கத்தை நிலைநிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை வாளையாரின் இரு பக்கமும் நமக்குக் காட்டிவிட்டன.

பெண்கள் திருப்பிய கணக்கு

பெண்கள் கால்பந்தில் இந்தக் கணக்கு தலைகீழ். தேசியப் பெண்கள் சாம்பியன் பட்டத்தைத் தமிழ்நாடு 2018ல் மணிப்பூரை 2–1 என வென்றும், 2023ல் ஹரியானாவை 2–1 என வென்றும் இரண்டு முறை பிடித்தது. மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. 2019ல் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. மாநில அணி அளவில் கேரளப் பெண்கள் நம்மை எட்டிப் பிடிக்கவில்லை.

ஆனால் கிளப் என்று வரும்போது கோகுலம் கேரளா பெண்கள் அணி மூன்று முறை லீக் பட்டம் வென்றது. 2023ல் வென்ற அணியில் முன்னின்று ஆடிய இந்துமதி கதிரேசனும் சந்தியா ரங்கநாதனும் தமிழ்நாட்டுப் பெண்கள். கிராமத்திலிருந்து வந்த பெண்ணைக் கல்லூரி விடுதியில் சேர்த்து, காலை மாலை பயிற்சி கொடுத்து, காவல்துறை வேலை வரை கொண்டுபோன பாதை இங்கே பெண்களுக்குக் கிடைத்தது, பலனும் கிடைத்தது. ஆண்களுக்கு எது குறைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

உடுப்பு நம்முடையது, ஆட்டம்?

உலகக் கோப்பை ஆண்டு வந்தால் திருப்பூரின் சின்ன பனியன் கம்பெனிகள் எப்படி இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பாலியஸ்டர் துணி ரோல் ரோலாக வந்து இறங்கும். சப்ளிமேஷன் பிரிண்டில் வெள்ளையும் நீலமும் பட்டை பட்டையாக ஏறும். அடுத்த மேசையில் பிரேசில் மஞ்சள். கட்டிங் முடிந்து ஓவர்லாக்கில் தோள் கூடி, பிளாட்லாக்கில் கை மடிந்து, செக்கிங் மேசைக்கு வரும்போது முதுகில் 10 என்ற எண். திருப்பூரின் காதர்பேட்டைச் சந்தைக்குப் பாலக்காட்டிலிருந்தும் மலப்புறத்திலிருந்தும் வியாபாரிகள் வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவார்கள். கேரளத்துத் தெருக்களில் அர்ஜென்டினா ரசிகனும் பிரேசில் ரசிகனும் போட்டுக்கொண்டு மோதிக்கொள்ளும் உடுப்பில் பெரும்பங்கு நம் ஊர்த் தையல்.

அந்த உடுப்பைத் தைக்கும் பையனுக்குச் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் ஓய்வு. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்திருக்கும் தொழிலாளிகளில் கால்பந்து ஆடி வளர்ந்தவர்கள் ஏராளம். காலியாகக் கிடக்கும் லே-அவுட் நிலத்தில் இரண்டு கல் நட்டு அவர்கள் ஆடுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் குடோன் எழும்புகிறது. கல்லூரிகளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. மைதானம் இருக்கிறது, உடற்கல்வி இயக்குநர் இருக்கிறார், மண்டலப் போட்டிக்கு முன் இரண்டு வாரம் பயிற்சி நடக்கிறது; தோற்றதும் அடுத்த ஆண்டு வரை வலை சுருட்டி வைக்கப்படுகிறது. தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டி பெரும்பாலும் தோற்றால் வெளியே என்ற முறை. அங்கே பாரதியார் பல்கலைக்கழகமும் கோழிக்கோடு பல்கலைக்கழகமும் எதிரெதிரே வருமா என்பது குலுக்கலைப் பொறுத்தது.

தேதி குறிப்போம்

உலகில் நீண்டு நிலைத்த கல்லூரிப் போட்டிகளைப் பார்த்தால் ஒரு பொது அம்சம் தெரியும். அமெரிக்காவில் மிச்சிகன், ஒஹையோ என்ற அண்டை மாநிலங்கள் 1835ல் டொலீடோ என்ற எல்லைப் பட்டைக்காகப் படை திரட்டியவை. அவற்றின் பல்கலைக்கழகங்கள் அந்நாட்டு ஃபுட்பாலில் 1897ல் முதலில் மோதின. இன்றைக்கும் நவம்பர் கடைசியில் அந்த ஆட்டம் வந்தால் இரண்டு மாநிலங்களும் வேறு பேச்சுப் பேசுவதில்லை. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904 முதல் ஆடும் கிரிக்கெட்டை ‘வடக்கின் பெரும் போர்’ என்று மக்களே பெயரிட்டு அழைக்கிறார்கள். போர்க்காலத்தின் தடைகளைத் தாண்டியும் அது தொடர்ந்தது. இரண்டு இடத்திலும் போட்டியைக் காத்தது ஆண்டுதோறும் வரும் ஒரு தேதி. ஆடியவன் மகன் ஆடுகிறான். பார்த்தவர் பேரனை அழைத்து வருகிறார்.

தமிழ்நாடு – கேரளக் கால்பந்துக்கு அப்படி ஒரு தேதி இல்லை. அதை உருவாக்கப் பொருத்தமான இரண்டு பல்கலைக்கழகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் பாரதியாருடையவை. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம், கோழிக்கோடு, வயநாடு கோழிக்கோட்டுடையவை. எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் இந்த இரண்டும் ஆண்டுக்கு ஒரு நாள், ஒரு வருடம் கோவையிலும் அடுத்த வருடம் பாலக்காட்டிலும், ஆண்கள் ஆட்டம் ஒன்றும் பெண்கள் ஆட்டம் ஒன்றும் ஆடட்டும். முதல் சில ஆண்டுகள் ஆண்கள் ஆட்டத்தில் நாம் தோற்போம். தோற்றாலும் அடுத்த ஆண்டு அதே நாளில் அதே அணி எதிரே நிற்கும் என்பது தெரிந்தால், கல்லூரியில் வலை சுருட்டப்படாது. பயிற்சி இரண்டு வாரத்தில் முடியாது. அரசின் முதலமைச்சர் கோப்பையில் தேறிவரும் கல்லூரிப் பையன்களுக்கும் பெண்களுக்கும் அடுத்த படி ஒன்று கண்ணுக்குத் தெரியும்.

திருப்பூர், அவிநாசி ஏற்றுமதியாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலகமெங்கும் போகும் கால்பந்து உடுப்பைத் தைப்பவர்கள் நீங்கள். இந்த ஒரு ஆட்டத்துக்கு இரண்டு அணிக்கும் உடுப்பையும், வென்றாலும் தோற்றாலும் நன்றாக ஆடிய நான்கு பேருக்குக் கம்பெனியில் வேலையையும் கொடுங்கள். தொழிற்பேட்டைக்கு இடம் ஒதுக்கும்போது ஒரு மைதானத்துக்கும் இடம் விடுங்கள். பல்கலைக்கழக நிர்வாகங்கள் ஒரு கடிதம் எழுதினால் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம். அடுத்த கல்வியாண்டின் அட்டவணையிலேயே அந்தத் தேதி இடம்பெற வேண்டும்.